பதினான்கு கட்டங்கள், ஓர் ஆரஞ்சுத் தெறிப்பு

கும்பகோணத்துக்குத் தெற்கே, அரசலாற்றைத் தாண்டி நாலைந்து மைல் தள்ளி ஒரு நர்சரிப் பள்ளி. 1990களின் கடைசியில் அதன் சுற்றுச்சுவருக்குப் படம் எழுதும் வேலை எங்கள் மாஸ்டருக்கு வந்தது. நான் அப்போது அவரிடம் பிரஷ் கழுவிக்கொண்டிருந்தேன். முயல், ஆமை, ஔவையார், தேசியக் கொடி எல்லாம் முடிந்தபின் தாளாளர் ஒரு துண்டுத் தாளை நீட்டினார். டிவியைப் பார்த்து எந்தப் பையனோ பென்சிலில் வரைந்த கார்ட்டூன் நெட்வொர்க் சின்னம். "இதுவும் ஒரு மூலையில் இருக்கட்டும் ஐயா" என்றார். வணிகச் சின்னம், உரிமம் என்ற பேச்செல்லாம் அந்தச் சுவர்ப்பக்கம் எட்டிப் பார்த்ததே இல்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

சிறிய படத்தைச் சுவருக்குப் பெரிதாக்க நாங்கள் அதன் மேல் கட்டம் போடுவோம். சுவரிலும் அதே எண்ணிக்கையில் நீலப்பொடி தடவிய நூலை இழுத்து அடித்துக் கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டத்தில் இருப்பதையும் அப்படியே ஏற்றுவோம். மாஸ்டர் தாளை வாங்கிப் பார்த்தார், சிரித்தார். "கட்டம் போட்டே அனுப்பியிருக்கிறான் பார்" என்றார். ஆமைக்கு ஒரு காலை முழுக்கப் போனது. இந்தச் சின்னம் டீ ஆறுவதற்குள் கோடாகச் சுவரில் நின்றது.

பிள்ளைகளுக்கான சேனல்களின் சின்னங்கள் மாறிய கதையை எழுதினால் பெரிய பட்டியலாகப் போகும். நான் இரண்டை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஒன்று இந்தக் கட்டச் சின்னம், மற்றது நிக்கலோடியனின் ஆரஞ்சுத் தெறிப்பு. இரண்டும் பேர் வாங்கின. இரண்டையும் அவற்றின் சொந்தக்காரர்களே கழற்றி வைத்தார்கள். இரண்டும் திரும்பி வந்தன. ஏன் என்பதற்கு வடிவமைப்பு வகுப்புகளில் பெரிய பதில்கள் இருக்கலாம். என் பதில் டெல்டாவின் கேபிள் வயரிலிருந்தும், நானே கெடுத்த ஒரு சின்னத்திலிருந்தும் வந்தது.

ஏழும் ஏழும்

கார்ட்டூன் நெட்வொர்க் 1992 அக்டோபர் 1 அன்று அமெரிக்காவில் டெட் டர்னரின் நிறுவனத்திலிருந்து ஒளிபரப்பைத் தொடங்கியது. சின்னத்தை அமைத்தது ஹேட்மேக்கர் என்ற வடிவமைப்பு நிறுவனம். இரண்டு வரிசை, வரிசைக்கு ஏழு கட்டம், கட்டத்துக்கு ஓர் எழுத்து, கறுப்பும் வெள்ளையும் மாறி மாறி. ஆங்கிலத்தில் 'கார்ட்டூன்' என்ற சொல்லுக்கும் ஏழு எழுத்து, 'நெட்வொர்க்' என்ற சொல்லுக்கும் ஏழு எழுத்து. பெயர் வைத்தவர்கள் எண்ணிப் பார்த்து வைத்திருக்க மாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் சின்னம் போட உட்கார்ந்தவருக்கு அது கிடைத்தற்கரிய கொடுப்பினை.

ஏழு ஒற்றைப்படை எண் என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. முதல் எழுத்தைக் கறுப்பில் தொடங்கி மாற்றிக்கொண்டே போனால் ஏழாவதும் கறுப்பில் முடியும். எட்டாவது, அதாவது கீழ்வரிசையின் முதல் எழுத்து, தானாக வெள்ளையில் விழும். எங்கும் நிறுத்தி யோசிக்காமலே சதுரங்கப் பலகை வந்துவிடும். வரிசைக்கு ஆறு எழுத்தோ எட்டு எழுத்தோ இருந்திருந்தால் கறுப்புக்குக் கீழே கறுப்பே வந்து, பலகை போய்ப் படுதாத் துணியின் பட்டைபோல் ஆகியிருக்கும். அந்தப் பென்சில் பையன் பதினான்கு கட்டத்தையும் பிசகாமல் போட்டிருந்ததற்கு இதுதான் காரணம் என்பது எனக்குப் பிற்பாடுதான் உறைத்தது. அவனுக்குச் சின்னத்தின் படம் நினைவில் இருக்க வேண்டிய அவசியமே இல்லை. 'மாற்றி மாற்றிப் போடு' என்ற ஒரே விதி போதும்.

மேல்வரிசையில் ஐந்தாவது கட்டமும் ஆறாவது கட்டமும் இரண்டு 'ஓ'. ஒன்று கறுப்பில் வெள்ளை, அடுத்தது வெள்ளையில் கறுப்பு. இரண்டையும் ஒரே வட்டத்தட்டை வைத்து எழுதினாலும் வெள்ளை 'ஓ' ஒரு சுற்றுப் பெரிதாகத் தெரியும். வெளிச்சமானது இருட்டின் மேல் பரவுவதாகக் கண்ணுக்குத் தோன்றும் குணம் அது. மாஸ்டர் வெள்ளை எனாமல் காயும்வரை பீடி பிடித்தார். பிறகு மெல்லிய பிரஷில் கறுப்பைத் தொட்டு, அந்த வெள்ளை 'ஓ'வின் வெளி விளிம்பை அரை நூல் உள்ளே தள்ளி வெட்டினார். பத்தடி பின்னால் போய்க் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். திரும்பி வந்து உள்வட்டத்தை இன்னும் ஒரு மயிரிழை கூட்டினார். கறுப்பு 'ஓ'வைத் தொடவே இல்லை. ஸ்கேல் வைத்து அளந்தால் இரண்டும் வேறு வேறு. வாசலில் நின்று பார்த்தவர்களுக்கு இரட்டைப் பிள்ளைகள்.

எழுத்துரு ஈகிள் போல்டு. மாரிஸ் ஃபுல்லர் பெண்டன் என்பவர் 1930களில் வடிவமைத்தது. நிக்கலோடியன் தன் தெறிப்புக்குள் பயன்படுத்திய பலூன் என்ற எழுத்துருவும் மாக்ஸ் காஃப்மன் 1939இல் செய்ததுதான். பேரப்பிள்ளைகளின் சேனல்கள் இரண்டும் தாத்தா காலத்துச் சட்டையை வெட்டித் தைத்துப் போட்டுக்கொண்டிருந்தன. அதை யாரும் கவனிக்கவில்லை என்பதே தையல் நன்றாக இருந்ததற்கு அடையாளம்.

கடைசி வீட்டுப் பெட்டி

இந்தியாவுக்கு இந்தச் சேனல் வந்தது 1995 மே 1 அன்று. அப்போது அது தனிச் சேனல்கூட இல்லை. டிஎன்டி என்ற ஆங்கிலத் திரைப்படச் சேனலோடு ஒரே அலைவரிசையைப் பங்கு போட்டுக்கொண்டது. பகலில் கார்ட்டூன், இரவில் பழைய ஹாலிவுட் படம். 2001இல்தான் 24 மணி நேரமும் ஓடும் தனிச் சேனலாயிற்று. அதுவரை எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு அந்தக் கட்டச் சின்னம் ஒரு கடிகாரமும்கூட. அது மறைந்து தொப்பி போட்ட ஆட்கள் ஆங்கிலம் பேசத் தொடங்கினால், இனி அழுது பயனில்லை, பாயைப் போட வேண்டியதுதான்.

அந்தக் காலத்து டெல்டாக் கிராமத்தில் கேபிள் எப்படி வந்தது என்பதைச் சொல்லாமல் சின்னத்தைப் பற்றிப் பேசுவதில் அர்த்தமில்லை. கடைத்தெரு மாடியில் டிஷ்ஷும் கன்ட்ரோல் ரூமும். அங்கிருந்து கறுப்பு வயர் மின்கம்பத்திலிருந்து தென்னைக்கும், தென்னையிலிருந்து பூவரசுக்கும் தாவி, வாய்க்காலைத் தாண்டி, வழியில் அங்கங்கே ஆம்ப்ளிஃபையர் வைத்து ஊர்க் கோடிக்குப் போகும். போகிற வழியெல்லாம் சிக்னல் இளைக்கும். கடைசி வீட்டில் படத்தின் மேல் எப்போதும் புள்ளி மழை. மோட்டார் கொட்டகைகள் ஓடத் தொடங்கினால் வோல்டேஜ் இறங்கி, படம் நான்கு பக்கமும் சுருங்கிக் கறுப்பு விளிம்பு கட்டிக்கொள்ளும். பெட்டியும் பல வீடுகளில் கறுப்பு வெள்ளைப் போர்ட்டபிள்தான்.

தொழில்நுட்பத்தின் கணக்கும் இதோடு சேர்ந்துகொண்டது. நம் நாட்டுப் பழைய ஒளிபரப்பான பால் (PAL) முறையில் ஒரு படத்துக்கு 625 கோடுகள். கண்ணுக்குத் தெரிவது 575 சொச்சம். திரையின் உயரத்தில் பத்தில் ஒரு பங்குச் சின்னத்தை மூலையில் வைத்தால் அதற்குக் கிடைப்பது அறுபது கோடுகூட இல்லை. அந்தக் கோடுகளும் ஒற்றைப்படை ஒருமுறை, இரட்டைப்படை ஒருமுறை என்று மாறி மாறி வரையப்படுவதால், மெல்லிய படுக்கைக் கோடு எதுவானாலும் துடிக்கும். இன்னொன்று, அந்த முறையில் வெளிச்சத்தின் ஏற்ற இறக்கத்துக்குக் கொடுத்த இடத்தில் நிறத்துக்குக் கொடுத்தது கால்வாசி அளவுதான். ஆகவே வெளிச்ச விளிம்பு கூர்மையாக வரும், நிற விளிம்பு வழியும். சிவப்பும் ஆரஞ்சும்தான் அதிகம் வழியும். மழையில் நனைந்த குங்குமம் போல.

இந்தச் சோதனையில் கட்டச் சின்னம் ஜெயித்தது. நிறமே இல்லாததால் வழிய ஒன்றுமில்லை. கறுப்பும் வெள்ளையும் தமக்குள் எவ்வளவு தூரம் விலக முடியுமோ அவ்வளவு தூரம் விலகி நிற்கின்றன. புள்ளி மழையில் எழுத்து மங்கினாலும் கட்டம் மங்காது. அட்லாண்டாவில் வண்ணப் பெட்டியில் பார்த்த பிள்ளையும், குடவாசல் பக்கம் போர்ட்டபிளில் பார்த்த பிள்ளையும் ஒரே சின்னத்தைத்தான் பார்த்தார்கள்.

வழிகிற நிறத்தை வைத்தே பிழைத்தவர்கள்

நிக்கலோடியன் இதற்கு நேர் எதிர். 1977இல் ஒஹையோவின் கொலம்பஸ் நகரக் கேபிளில் பின்வீல் என்ற பெயரில் தொடங்கி, 1979 ஏப்ரல் 1இல் நிக்கலோடியன் ஆனது. சில ஆண்டுகளுக்குள் பல சின்னங்கள் மாறின. 1981 வாக்கில் வந்தது ஒரு வெள்ளிப் பந்தும் வானவில் எழுத்துகளும். அப்போது சேனல் நஷ்டத்தில் தவித்துக்கொண்டிருந்தது. 1984இல் ஃப்ரெட் சைபர்ட், ஆலன் குட்மன் இருவரின் நிறுவனம் அதைச் சீர்செய்ய அழைக்கப்பட்டது. அவர்கள் டாம் கோரி, ஸ்காட் நாஷ் என்ற வடிவமைப்பாளர்களைக் கொண்டுவந்தார்கள்.

அந்த இருவரும் செய்தது இன்றைக்கும் துணிச்சலாகவே படுகிறது. சின்னத்துக்கு வடிவமே கிடையாது என்று முடிவு செய்தார்கள். ஆரஞ்சு நிறம், அதற்குள் வெள்ளைப் பலூன் எழுத்து. அவை மட்டும் நிலை. ஆரஞ்சு இன்று சாயத் தெறிப்பாக இருக்கும், நாளை எலும்புத் துண்டு, மறுநாள் காற்றுக் கப்பல், அதற்கடுத்த நாள் பாதச் சுவடு. ஆரஞ்சைத் தேர்ந்தெடுத்த காரணம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. அது எதனோடும் ஒத்துப்போகாது, ஆகவே எந்தப் பின்னணியிலும் தனியாகத் துருத்திக்கொண்டு தெரியும் என்பதற்காகவே எடுத்தார்கள். ஜவுளிக்கடையில் பொருந்தாது என்று ஒதுக்கும் நிறத்தை, பொருந்தாது என்பதற்காகவே வாங்கியவர்கள்.

நிறம் வழிந்தால் வழியட்டுமே. தெறித்த சாயத்தின் விளிம்பு வழிந்தால் அது தவறு என்று யார் சொல்வார்? குறையையே உருவமாக்கிவிட்டார்கள். ஆனால் எங்கள் பக்கம் அந்தச் சின்னம் வேரூன்றவில்லை. சேனல் 1999இல் இந்தியாவுக்கு வந்தது. கறுப்பு வெள்ளைப் பெட்டியில் ஆரஞ்சு வெறும் சாம்பல் திட்டு. நிறம் போய்விட்டால் அதனிடம் மிச்சம் ஒன்றும் இல்லை. எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு நிக்கலோடியனின் டோரா அறிமுகமானது, 2007 ஏப்ரலில் தொடங்கிய சுட்டி டிவி வழியாக, தமிழ் பேசிக்கொண்டு. ஆரஞ்சு யாருடையது என்று அவர்களுக்குத் தெரியாது. டோராவோடு வரும் குரங்கின் பெயர் தெரியும்.

ஆக, இரண்டு சின்னங்களும் ஏதோ ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றதையெல்லாம் விட்டுவிட்டன. ஒன்று வரிசையைப் பிடித்துக்கொண்டு நிறத்தை விட்டது. மற்றது நிறத்தைப் பிடித்துக்கொண்டு வடிவத்தை விட்டது. எதை விடுவது என்று தெரியாதவனின் கதை அடுத்து வருகிறது.

மூலையில் உட்கார்ந்த ஈ

2000களின் தொடக்கத்தில், எனக்குச் சொந்தமாக ஒரு கம்ப்யூட்டரும் கோரல்டிரா என்ற படம் வரையும் மென்பொருளும் வந்த புதிதில், வலங்கைமான் பக்கத்துக் கேபிள் ஆபரேட்டர் ஒருவர் கூப்பிட்டார். அவர் நடத்திய உள்ளூர்ச் சேனலில் மாலை ஒரு மணி நேரம் பிள்ளைகளுக்கு. அதில் முக்கால்வாசி பிறந்தநாள் வாழ்த்துதான். ஸ்டூடியோவில் எடுத்த போட்டோ, கீழே 'வாழ்த்தும் நெஞ்சங்கள்' என்று அப்பத்தாவிலிருந்து ஒன்றுவிட்ட சித்தப்பா வரை பெயர்கள், பின்னால் ஒரு பாட்டு. மீதி நேரம் பள்ளி ஆண்டுவிழா வீடியோ. அதற்கு ஒரு சின்னம் வேண்டும் என்றார்.

நான் தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மையை வைத்தேன். பாவாடைக்கு ஏழு நிறத்தில் படிப்படியான சாயல், தலைக்கு மேல் வானவில், கையில் பட்டம், அடியில் நிழல். ஸ்டிக்கராக அச்சடித்தபோது அருமையாக இருந்தது. ஒளிபரப்பான அன்று ஆபரேட்டர் என்னைக் கடைசி வீட்டுக்கே அழைத்துப் போய்ப் பெட்டி முன்னால் உட்கார வைத்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "தம்பி, மூலையில் ஈ உட்கார்ந்தது போல் இருக்கிறதே" என்றார். அந்த வீட்டுப் பாட்டி எழுந்துபோய்த் துணியால் திரையைத் துடைத்தார். அந்த ஒரு துடைப்புக்கு மேல் எனக்கு வேறு விமரிசனம் தேவைப்படவில்லை.

மறுவாரம் கட்டச் சின்னத்தைக் காப்பியடிக்கப் பார்த்தேன். தமிழ் இடம் கொடுக்கவில்லை. ஆங்கிலப் பெரிய எழுத்துகள் ஏறக்குறைய ஒரே உயரம், ஒரே அகலம். ஒரு கட்டத்துக்கு ஒன்றாக உட்காரும். 'தஞ்சாவூர்' என்று எழுதிப் பாருங்கள். 'த' அடங்குகிறது. 'ஞ்' தலையில் புள்ளியோடு கூரையை முட்டுகிறது. 'சா' கால் வாங்கிக்கொண்டு இரண்டு கட்டம் கேட்கிறது. 'கோ' என்றால் முன்னால் ஒரு கொம்பு, பின்னால் ஒரு கால், ஆக மூன்று. எழுத்தைக் கட்டத்துக்கு ஏற்ப நெருக்கினால் 'ணை'யும் 'னை'யும் ஒன்றாகின்றன. கட்டத்தை எழுத்துக்கு ஏற்ப நீட்டினால் பலகை உடைந்து, சின்னம் முறுக்குத் தட்டு போல ஆகிவிடுகிறது. ரோமன் எழுத்தின் சொத்தை நான் தமிழிடம் கடன் கேட்டிருக்கிறேன் என்று புரிய நான்கு நாள் ஆயிற்று.

தமிழுக்கென்று இருக்கும் சொத்து வளைவு. நிகழ்ச்சியின் பெயரில் ஒரு 'டி' இருந்தது. அந்த இகரக் கொக்கியை மட்டும் மேலே ஏற்றி, வளைத்து, முழு வட்டமாக்கி, பெயரின் மேல் பலூன் போல் நிறுத்தினேன். கறுப்புப் பட்டையில் வெள்ளை எழுத்து. எழுத்தின் தடிமன் எங்கும் திரையின் நான்கு கோடுகளுக்குக் குறையாது. நிறம் கிடையாது. வட்டத்துக்குள் மட்டும் அன்றன்று எதையும் வைக்கலாம். பிறந்தநாள் என்றால் பிள்ளையின் முகம், பொங்கல் என்றால் கரும்பு. ஆபரேட்டர் மறுபடியும் கடைசி வீட்டுக்குப் போனார். இம்முறை பாட்டி துணியை எடுக்கவில்லை, வட்டத்தில் இருப்பது யார் வீட்டுப் பையன் என்று கேட்டார்.

கழற்றி வைத்ததும் திரும்பி வந்ததும்

2004 ஜூன் 14 அன்று அமெரிக்காவில் கார்ட்டூன் நெட்வொர்க் தன் பதினான்கு கட்டங்களைக் கைவிட்டது. முதலெழுத்துகள் இரண்டு மட்டும் சாய்வான இரண்டு சதுரங்களில் நின்றன. முழுப்பெயர் அடியில் சிறிதாகப் போனது. பாத்திரங்கள் எல்லாம் ஒரு முப்பரிமாண நகரத்தில் வாழ்வதாக இடைத்துணுக்குகள் வந்தன. துணுக்குகள் நன்றாகவே இருந்தன என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் சின்னம் செத்தது. சாய்ந்த சதுரத்தைப் பையன் பென்சிலில் வரைய முடியாது. இரண்டே கட்டத்தில் 'மாற்றி மாற்றிப் போடு' என்பதற்கும் வேலையில்லை.

எங்கள் பக்கம் இதில் ஒரு வேடிக்கை உண்டு. 2006 தேர்தலுக்குப் பின் தமிழ்நாடு அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுக்கத் தொடங்கியது. 14 அங்குலப் பெட்டி குடிசைக்கும் வந்தது. நிறமே வேண்டாத சின்னம் கறுப்பு வெள்ளைக் காலம் முழுக்க ஓடிவிட்டு, வண்ணம் வீட்டுக்கு வந்த சமயத்தில் இல்லாமல் போயிருந்தது.

நிக்கலோடியனும் 2009 செப்டம்பரில் தெறிப்பை எடுத்துவிட்டு, எரிக் ஜிம் ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் (lower case) வடிவமைத்த பெயரை ஆரஞ்சில் வைத்தது. கிளைச் சேனல்கள் பெருகிவிட்டதால் எல்லாவற்றுக்கும் ஒரே சாயல் வேண்டியிருந்தது. காரணம் நியாயமானதுதான். விளைவு, வங்கிக் கிளையின் பெயர்ப்பலகை போன்ற ஒழுங்கு.

2010 மே மாதம் கார்ட்டூன் நெட்வொர்க்குக்குப் பிராண்ட் நியூ ஸ்கூல் என்ற நிறுவனம் புதுத் தோற்றம் கொடுத்தபோது கட்டங்கள் திரும்பின. இம்முறை கூடவே வந்தவை சையான், மெஜந்தா, மஞ்சள். எங்கள் ஆஃப்செட் அச்சகத்தில் கறுப்போடு சேர்த்துத் தினமும் கரைக்கும் அதே நான்கு மைகள். கட்டத்துக்குள் எந்த நிறமும் வரலாம், எந்தக் கோலமும் ஓடலாம், வரிசை மட்டும் மாறாது. 1992இல் பிடித்ததைப் பிடித்துக்கொண்டு, அன்று மூடிவைத்த நிறத்தைத் திறந்துவிட்டார்கள். நிக்கலோடியன் இன்னும் காத்திருந்து 2023இல் தெறிப்புக்குத் திரும்பியது. அது பழைய நிறத்தை அப்படியே பிடித்துக்கொண்டது. இடையில் எத்தனை நிபுணர்கள் கூடிப் பேசியிருப்பார்கள் என்று நினைத்தால் எனக்கு மாஸ்டரின் பீடி நினைவுக்கு வருகிறது.

நம் ஊரிலோ அனலாக் வயர் போய் செட்டாப் பாக்ஸ் வந்துவிட்டது. புள்ளி மழை நின்றது. ஆபரேட்டரின் உள்ளூர்ச் சேனலும் நின்றுபோய், பிறந்தநாள் வாழ்த்து இப்போது அவருடைய மகன் நடத்தும் வாட்ஸ்ஆப் குழுவில் வருகிறது. போன மாதம் அவன் வந்தான். "அண்ணா, அப்பா காலத்துச் சின்னத்தையே குழுப் படமாக வைக்கப்போகிறேன், அனுப்புங்கள்" என்றான். அனுப்பினேன். குழுப் படத்துக்கான சட்டம் வட்டம். சதுரமாகச் செய்த என் படத்தில் அது நான்கு மூலைகளையும் தின்றது. 'டி'யின் கொக்கி மேலே ஏறும் இடத்தில் அறுந்து, பலூன் நூலில்லாமல் நின்றது. அவனுக்கு அது தெரியவில்லை, நன்றாக இருக்கிறது என்றான். நான் பெயரைக் கீழிறக்கிக் கொக்கியை உள்பக்கமாக வளைத்து ஐந்து மாதிரி போட்டு வைத்திருக்கிறேன். மூன்றாவது பரவாயில்லை. ஆனால் கடைசி வீட்டுப் பாட்டி இப்போது இல்லை, யாரிடம் காட்டுவது என்று தெரியவில்லை.